வழிகாட்டியா, நாத்தனாரா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியின் முதல்வர் நான். ஜூனில் ஆறாம் வகுப்புக் கணக்குக்கு 23 வயதுப் பெண் ஒருவர் சேர்ந்தார். வழிகாட்ட 19 வருட அனுபவமுள்ள டீச்சரைப் போட்டேன். பாவம், அவரும் தினமும் மாலை என் அறைக்கு வந்து, அன்று அந்தப் பெண் என்ன செய்தார் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். நோட்டு கொண்டுவராத பிள்ளைகளை அந்தப் பெண் வெளியே நிறுத்தியதால் பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். இப்போது அந்தப் பெண் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே இல்லையா?

பதில்: தலைமுறையை விடுங்கள். "தினமும் மாலை என் அறைக்கு வந்து" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பெயர் வழிகாட்டுவது இல்லை அம்மா. போட்டுக்கொடுப்பது.

புது மருமகள் வைத்த மீன் குழம்பில் புளி தூக்கல். நாத்தனார் அடுப்படியிலேயே அவளிடம் சொன்னால் மறுநாள் குழம்பு சரியாகிவிடும். மாமியார் காதில் போய் ஓதினால் மருமகள் பெட்டியைக் கட்டுவாள். கூட்டுக் குடும்பத்தில் இரண்டையும் பார்த்தவள் நான். வந்த பெண் நிலைக்கவில்லை என்றால் முதலில் பெரியவர்களைத்தான் கேள்வி கேட்பேன்.

நோட்டு விஷயத்தையே எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளி திறக்கும்போது காசிமேட்டு மீனவர் வீடுகளில் காசு ஏது? 19 வருடம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவருக்கு இது தெரியாதா? "ஜூலை வரைக்கும் நோட்டு கேட்காதம்மா" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே நிறுத்தியது தப்புதான். அதை அவளிடம் தனியாகச் சொல்லவேண்டியது நீங்கள். பெற்றோர் கத்தியபோது யார் பக்கம் நின்றீர்கள்? அதை எழுதவே இல்லையே.

அந்த டீச்சரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டது நீங்கள். அவளோடு பேச அவருக்கு ஒரு பீரியடாவது ஒதுக்கினீர்களா? பத்தாம் வகுப்பையும் அவர் தலையில்தான் கட்டியிருப்பீர்கள்.

பி.எட்.டில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு, சரி. அங்கே கைமீறினால் எழுந்து வர வகுப்பாசிரியர் இருப்பார். ஒரு வகுப்பைத் தனியாகச் சுமப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

கடிதத்தை டிராயரில் போட்டுவிட்டு டைம்டேபிளை எடுங்கள். வாரத்தில் இரண்டு பீரியட் இருவருக்கும் ஒன்றாக ஃப்ரீ. யார் லீவு போட்டாலும் அதில் சப்ஸ்டிட்யூஷன் கூடாது. சீனியரின் ஸ்பெஷல் கிளாஸ் ஒன்றை நீங்களே எடுங்கள். சாக்பீஸ் பிடித்தால் முதல்வர் குறைந்துபோக மாட்டார். அவள் எப்படி நடத்துகிறாள் என்று தெரியவேண்டுமா? நீங்களே வகுப்பில் போய் உட்காருங்கள். கற்றுக்கொடுப்பவரே மார்க்கும் போட்டால், "எனக்குப் பின்னம் நடத்த வரவில்லை" என்று அவரிடம் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

நாளை மாலை அந்த டீச்சர் உங்கள் கதவருகே வந்து நின்றால், "அவகிட்டயே சொல்லிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க டீச்சர்" என்று அனுப்பிவிடுங்கள்.