பழைய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றை யாழ்ப்பாணத்தில் வீட்டிலேயே வைத்துத் திருத்தி ஓட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: அறுபதுகளில் வந்த மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று வட்டுக்கோட்டைப் பக்கம் விலைக்கு வந்திருக்கிறது, வீட்டோடு கார் விடும் கொட்டில் இருக்கிறது, கையில் ஓரளவு வேலை தெரியும், எங்கே தொடங்குவது?

முடியும். இணுவிலில் எங்கள் வளவுக்குள், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலில் வைத்து நான் 1965ஆம் ஆண்டு பிக்கப் ஒன்றைத் திருத்தினேன். இரண்டு வருடமும் நாலு மாதமும் எடுத்தது. பெரியப்பாவின் வண்டி. 1974இல் அவர் கொழும்பில் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தது. வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போய் வந்தது. கடைசிப் பதினைந்து வருடமும் மாமரத்துக்குக் கீழே தறப்பாளுக்குள் கிடந்தது.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: முன் சக்கரங்களைப் பிடித்து வைத்திருக்கும் ட்ரனியன்களில் தொடங்குங்கள். எல்லாரும் எஞ்சினைத்தான் முதலில் திறப்பார்கள். எஞ்சின் ஓடாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ட்ரனியன் கழன்றால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்து விழும்.

இந்த வண்டியின் முன்பக்கம் மற்ற வண்டிகளைப் போல அல்ல. அச்சுக்கால் மேலும் கீழும், திருகாணிக்குப் போலப் புரி வெட்டிய இரண்டு ட்ரனியன் துண்டுகளுக்குள் இறங்கி நிற்கிறது. நீங்கள் ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது சக்கரம் அந்தப் புரியின் மேல்தான் திரும்புகிறது. கிறீஸ் இருந்தால் அது ஐம்பது வருடமும் நிற்கும். கிறீஸ் காய்ந்தால் புரி புரியைத் தின்னத் தொடங்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள், பெரும்பாலும் மெதுவாக ஒழுங்கைக்குள் திரும்பும்போது, கால் புரியை விட்டு வெளியே வந்துவிடும். கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வண்டியின் இடப்பக்கக் கீழ் ட்ரனியனைக் கழற்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பழைய கிறீஸ் கறுத்துத் தார் மாதிரி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய்யில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். நடுப் புரிகள் நன்றாக நின்றன. கீழே இருந்த நாலைந்து புரிகள் கூர் மழுங்கித் தேய்ந்து போயிருந்தன. விரல் நகத்தை வைத்து இழுத்தேன், நகம் எங்கும் தடக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. 1995 இடப்பெயர்வின்போது எங்கள் குடும்பம் முழுவதையும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குக் கொண்டுபோன வண்டி அது. அந்த இரவு பிக்கப்பின் பின்பக்கத்தில் நானும் இருந்தேன். எனக்கு ஆறு வயது. நெரிசலில் வண்டி முழம் முழமாகத்தான் நகர்ந்தது. ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் புரியைப் பார்த்தபோதுதான் நினைத்தேன்.

வாங்குவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். ஜக் வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் கையால் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் ஆட்டும்போது இன்னொருவர் ரோர்ச் அடித்து ட்ரனியனைப் பார்க்க வேண்டும். வலப்பக்கச் சாமானும் இடப்பக்கச் சாமானும் ஒன்றல்ல, புரி எதிரெதிராக ஓடும், மாற்றிப் போட முடியாது. கிறீஸ் அடிக்கும்போதும் சக்கரத்தைத் தூக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும். பாரம் நிற்கும்போது அடித்தால் கிறீஸ் போக வேண்டிய பக்கத்துக்குப் போகாது. நான் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அடிக்கிறேன்.

அடுத்தது சேசிஸ். மைனர் காருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, உடம்பே சட்டம். பிக்கப்புக்கும் வானுக்கும்தான் தனியாக ஒன்று கொடுத்தார்கள். காரை 1948இல் விட்டவர்கள் 1953இல் பாரம் ஏற்றும் வண்டிகளை விட்டபோது செய்த ஏற்பாடு அது. வீட்டில் வைத்துத் திருத்துகிறவருக்கு இது பெரிய வசதி. மேல் உடம்பைக் கழற்றி நாலு கல் அடுக்கி வைத்துவிட்டுச் சேசிஸைத் தனியாகப் பார்க்கலாம். சின்னச் சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். கறள் தின்ற இடம் தொப் என்று செத்த சத்தம் தரும். பின் வில்லுகள் மாட்டும் இடத்தையும், முன் முறுக்குக் கம்பிகள் வந்து பூட்டும் குறுக்குச் சட்டத்தையும் விடாமல் தட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் கடலுக்குத் தூரமான ஊர் என்று ஒன்றுமே இல்லை. உப்புக்காற்று தறப்பாளுக்குள்ளும் போகும்.

இங்கே ஒரு தவறு நடந்தது. தரைத் தகட்டை ஒட்ட ஒரு பட்டறைக்குக் கொடுத்தேன். அவர்கள் கேற் செய்யும் கரண்ட் வெல்டிங்காலேயே ஒட்டினார்கள். ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய தகடு அது, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் எல்லாம் ஓட்டை விழுந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் மிக் வெல்டிங் செய்கிறவரைத் தேடிப்பிடித்துப் போட்டேன். சேசிஸின் தடித்த இரும்புக்குக் கரண்ட் வெல்டிங் சரி. உடம்புத் தகட்டுக்கு வேண்டாம். பெற்றோல் தாங்கியை மட்டும் எந்த வெல்டிங்குக்கும் வீட்டில் கொடுக்காதீர்கள். காலியான தாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

பிறேக்கைப் பற்றி ஒரு விஷயம். மாஸ்ரர் சிலிண்டர் பொனற்றுக்குள் இல்லை, ஓட்டுபவரின் காலுக்குக் கீழே தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குப் படாததால் பிறேக் ஒயில் குறைந்ததை யாரும் கவனிப்பதில்லை. நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழிதான், எங்காவது ஓரிடம் கசிந்தால் நாலும் போய்விடும். ரப்பர் வாஷர்களும் இறப்பர்க் குழாய்களும் பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன். எங்களுடையது 1098 சிசி. அதைத் திறந்தபோது தொண்ணூறுகள் முழுவதும் அதற்குள் எழுதியிருந்தது.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு இங்கே பெற்றோல் கிடைப்பது அருமையாகிவிட்டது. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெய்யில் ஓடியதை நாற்பது வயதைத் தாண்டிய எல்லாரும் கண்டிருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றினால்தான் அடுத்த முறை பற்றும். எங்கள் வண்டியில் காபரேற்றருக்குப் பக்கத்தில், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற ஒரு பித்தளை வால்வு, அதிலிருந்து இரண்டு மெல்லிய செப்புக் குழாய்கள். ஒன்று பெற்றோல் விட்ட சேலைன் போத்தல் மாட்டியிருந்த கொளுக்கிக்குப் போனது. மற்றது சைலன்சர்க் குழாயைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது, மண்ணெண்ணெய் சூடாகி வர வேண்டும் என்பதற்காக. ஈயம் வைத்து ஒட்டியிருந்த வேலை அவ்வளவு நேர்த்தி. யார் செய்தது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். கொக்குவிலில் நகை வேலை செய்த ஒருவராம்.

எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றினால், இடையில் வைக்கும் கஸ்கெற் தகடு ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருந்தது. சூடான எஞ்சினில் மண்ணெண்ணெய் அழுத்தத்தில் சீக்கிரம் பற்றிக்கொள்ளும், எஞ்சின் தட்டும். அழுத்தத்தைக் குறைத்தால் தட்டாது. அதற்காகத்தான் இரண்டு. புத்தகத்தில் படித்தவர்கள் செய்ததல்ல, செய்து பார்த்துக் கண்டுபிடித்தது. இதை எல்லாம் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள் என்று மனதாரக் கேட்கிறேன். வெளிநாட்டில் இதே வண்டியைக் கடையில் வந்த நாள் போல ஆக்குவார்கள், அது அவர்களுடைய வண்டியின் கதை. எங்களுடைய வண்டிக்கு இன்னொரு கதை இருக்கிறது. நான் அந்த வால்வையும் குழாய்களையும் துலக்கி, பெற்றோல் போகாமல் அடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். கஸ்கெற் மட்டும் ஒன்றாகிவிட்டது.

ஆனால் மண்ணெண்ணெய் தன் கணக்கையும் எழுதிவிட்டுத்தான் போயிருந்தது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர்ச் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் தண்ணீராக்கிவிடும். சிலிண்டர்த் துளைகள் ஏற்கெனவே நாற்பது தவ் (இஞ்சியில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) வரை பெருக்கப்பட்டு, அதற்குப் பிறகும் தேய்ந்து நின்றன. இனிப் பெருக்க இடமில்லை. லேத் பட்டறையில் ஸ்லீவ் (உள்ளுறைக் குழாய்) அடித்து, துளையைப் பழைய அளவான 64.58 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தோம். தலைப்பகுதி பட்டறையில் இருக்கும்போதே வெளியேற்றும் வால்வுகளுக்குக் கடினமான சீற் போடச் சொல்லுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலை நம்பிச் செய்யப்பட்டது, இப்போது வருவதில் ஈயம் இல்லை, பழைய சீற் தேய்ந்துவிடும்.

சின்ன விஷயங்கள் சில. இந்த வண்டியில் நட்டுகள் இஞ்சி அளவு. எங்கள் வீடுகளில் இருப்பது மில்லிமீற்றர்ச் சாவிகள். அரை இஞ்சி என்பது 12.7 மில்லிமீற்றர், அதில் 13ஆம் சாவியைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். ஒரு செற் இஞ்சிச் சாவியை முதலில் வாங்குங்கள். பற்றறியும் தலைகீழ்: உடம்போடு சேர்வது நேர்முனை. தெரியாமல் மற்ற வண்டிகளைப் போல மாட்டினால் டைனமோ குழம்பும். கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, பையில் போட்டு எழுதி வையுங்கள்.

சாமான் கிடைக்குமா என்று பயப்படத் தேவையில்லை. பொதுவானவை ஸ்ரான்லி வீதியிலேயே வாங்கினேன். காபரேற்றர், டைனமோ, பழைய கியர்பொக்ஸ் போன்றவை கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. உடம்புத் தகடுகளை வெளியில் தேடுவதற்கு முன் தெற்கே விசாரியுங்கள். மைனருக்கான உடற்பாகங்களை நம் நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். ட்ரனியன்களை மட்டும் நான் லண்டனில் இருக்கும் மச்சானிடம் சொல்லிப் புதிதாக எடுப்பித்தேன். அதில் பழையது வாங்க மனம் வரவில்லை.

பின்பக்கத் தரையில் பெரியப்பா போட்டிருந்த பனம் பலகைகளை எடுத்து, சீவாமல், எண்ணெய் மட்டும் பூசித் திரும்பப் போட்டேன். சாக்கு இழுத்த தடங்கள் அதில் இருக்கின்றன.

பெயின்ற் கடைசி. சோளகம் வீசும் மாதங்களில் வளவுக்குள் அடிக்க முடியாது, செம்மண் தூசி வந்து ஒட்டும். நான் மாசியில், காலைப் பனி காய்ந்து பத்து மணி ஆன பிறகு அடித்தேன். கடினமாக்கி கலந்த டூ-கே பெயின்றை வீட்டில் அடிக்காதீர்கள், மூக்கில் துணி கட்டினால் அந்த ஆவி நிற்காது. அதற்குப் பூத் உள்ள இடத்துக்குக் கொடுங்கள்.

செலவைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், நானே சொல்கிறேன்: எனக்கு எஞ்சினுக்குப் போனதை விட வெல்டிங்குக்கும் தகட்டுக்கும் போனதுதான் அதிகம். ஆகவே கறள் குறைந்த, எஞ்சின் இறுகிய வண்டி, எஞ்சின் ஓடும் கறள் வண்டியை விட நல்லது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் விலையும் ஏறியது, விற்பவர் எஞ்சினை ஓட்டிக் காட்டித்தான் விலை சொல்வார். காசு கொடுக்க முன் பொனற்றைத் திறந்து, உட்சுவரில் உள்ள தகட்டின் இலக்கத்தைப் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது அந்த இலக்கம் பொருந்தாமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் ஓட்டம் சுன்னாகம் சந்தை வரைக்கும். பெரியப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது, பக்கத்துச் சீற்றில் இருந்தார். நான் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். மருதனார்மடச் சந்தியில் திரும்பும்போது அவர் கையைத் தூக்கினார்.

“தம்பி, இடப்பக்கம் கிறீஸ் காணாது போல கிடக்கு. திரும்பேக்க இறுக்கமாத் திரும்புது.”

எல்லாம் புதுச் சாமான், நேற்றுத்தான் கிறீஸ் அடித்தது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஜக் வைத்துப் பார்த்தேன். இடப்பக்க மேல் ட்ரனியனில் கிறீஸ் அடிக்கும் நிப்பிள் பெயின்றால் அடைத்துப்போயிருந்தது. ஒரு சொட்டுக் கிறீஸும் உள்ளே இறங்கியிருக்கவில்லை.