காலனி சங்கமும் வார்டு அரசியலும்: மலை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள்

நகராட்சி, பேரூராட்சிகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அடுத்த தேர்தல் பேச்சு வந்தாலே குடியிருப்போர் சங்கங்களில் சலசலப்புதான். நான் குன்னூரில் பல வருஷம் சங்கச் செயலாளராக இருந்தவள். நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெட்போர்டு, குன்னூர்: அக்கா, எங்கள் சங்க விதியில் 'அரசியல் கூடாது' என்று இருக்கிறது. தண்ணீர் பிரச்சினைக்காக நகராட்சியில் மனு கொடுத்தோம். சங்கம் அரசியல் பண்ணுகிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. தலைவர் பயப்படுகிறார்.

பயப்பட ஒன்றுமே இல்லை தம்பி. அந்த விதி கட்சிச் சார்பைத் தடுக்க எழுதியது. எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் திறக்கிறார்கள், எந்தத் தெருவுக்கு முதலில் போகிறது என்று கேட்க வரி கட்டுகிற யாருக்கும் உரிமை உண்டு. ரேலியா அணையைப் பற்றியும் எமரால்டு குடிநீர்த் திட்டத்தைப் பற்றியும் வாய் திறக்காமல், வருஷத்துக்கு ஒரு பொங்கல் விழா மட்டும் நடத்துவதற்குச் சங்கம் எதற்கு? நகராட்சிப் பணத்தை எங்கே செலவழிப்பது என்பதே அரசியல்தான். அதிலிருந்து ஒதுங்கி நிற்கிற தெருவுக்குக் கடைசியில்தான் சாலை வரும்.

இன்னொன்று. வார்டு குழு, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபை என்று 2022ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பகுதி சபைகள் கூடின. உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானம் போட்டது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தரவேண்டும்.

நாயுடுபுரம், கொடைக்கானல்: எங்கள் செயலாளர் சுயேச்சையாக வார்டில் நிற்க விரும்புகிறார். நல்ல மனிதர். சங்கம் வெளிப்படையாக ஆதரிக்கலாமா?

அவர் தாராளமாக நிற்கட்டும். 21 வயது முடிந்து, அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். 2022ல் நகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 2,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. உங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி இடம் பெண்களுக்கு என்பதால், ஆண் செயலாளரை மனதில் வைத்துத் திட்டம் போடும் சங்கங்கள் பல இடங்களில் கடைசி நேரத்தில் தவிக்கின்றன. அந்தச் சமயத்தில் அவர் மனைவியின் பெயரைக் கொடுத்துவிட்டுப் பின்னாலிருந்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். சங்கத்தில் வேலை பார்க்கிற பெண்கள் இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள்.

ஆனால் சங்கம் அவரை ஆதரிக்கக் கூடாது என்பதே என் கருத்து. உங்கள் சங்கத்தில் தி.மு.க. வீடும் இருக்கும், அ.தி.மு.க. வீடும் இருக்கும், எந்தக் கட்சியும் வேண்டாம் என்கிற வீடும் இருக்கும். எல்லோரும் சந்தா கட்டுவது தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும். அந்தப் பணத்தில் ஒருவருக்கு நோட்டீஸ் அடித்தால், தோற்றாலும் ஜெயித்தாலும் மறுநாள் சங்கம் இரண்டாக உடையும். ஆகவே அவர் வேட்புமனு கொடுப்பதற்கு முன்பே பொறுப்பை எழுத்து மூலம் விடவேண்டும். சங்கத்தின் லெட்டர்பேட், முத்திரை, வாட்ஸ்அப் குழு, வங்கிக் கணக்கு எதுவும் அவர் பிரச்சாரத்துக்குப் போகக் கூடாது. சாதாரண உறுப்பினராக இருந்துகொள்ளட்டும். நீங்களும் தனிப்பட்ட முறையில் அவருக்காக வீடு வீடாகப் போங்கள், யாரும் தடுக்க முடியாது.

சங்கம் செய்யவேண்டிய வேலை வேறு. வார்டில் நிற்கிற எல்லாரையும் ஒரே மேடைக்குக் கூப்பிடுங்கள். மனோரஞ்சிதம் அணைத் தண்ணீர், குப்பை, தெருநாய், கட்டட அனுமதி என்று உங்கள் கோரிக்கைகளை எழுதி எல்லாரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் குறித்துவைத்து எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள்.

வேட்பாளரிடம் நீங்கள் கட்டாயம் கேட்கவேண்டிய ஒன்று இருக்கிறது. கொடைக்கானலில் 24 வார்டு. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அன்றைக்குச் சுயேச்சையின் ஒரு ஓட்டுக்கு எல்லாப் பக்கமிருந்தும் அழைப்பு வரும். கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான், நகர்மன்றத்துக்கு இல்லை. ஜெயித்த மறுவாரமே அவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்? அதை முன்னாலேயே அவரிடம் முகத்துக்கு நேராகப் பேசிவிடுங்கள்.

கீழ்கோத்தகிரி பக்கம்: எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒருவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றவர்கள் மனு போடக் கூடாது என்கிறார்கள். இது சரியா?

கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதால், ஊர் கூடிப் பேசுவது இயல்பு. பேசட்டும். ஆனால் மனு போட நினைப்பவரை மிரட்டினாலும், ஊரைவிட்டு விலக்குவோம் என்றாலும் அது குற்றம். பதவியை ஏலம் விடுவதும் அப்படித்தான், கோயிலுக்குப் பணம் தருகிறார் என்று சொன்னாலும் குற்றம் குற்றம்தான். ஒருமனதாக என்று சொல்லும் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், பட்டியல் சாதியினர் காலனி ஆட்களைக் கூப்பிட்டார்களா என்று பாருங்கள். அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

பூம்பாறை: ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் வந்தார். தலைவர் இல்லாத காலத்தில் சங்கம் யாரிடம் போவது?

தலைவர் இல்லை என்றாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர். சங்கம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனால் கூட்டம் செல்லும், தீர்மானமும் பதிவேட்டில் ஏறும். அதிகாரி மாறினாலும் பதிவேடு அங்கேயே இருக்கும்.

கூடலூர்: உரிமை இன்னும் முடிவாகாத செக்ஷன் 17 நிலத்தில் இருக்கிறோம். கவுன்சிலர் தேர்தலில் இதையே முக்கியக் கோரிக்கையாக வைக்கலாமா?

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தும் பட்டா கிடைக்காமல், மின் இணைப்புக்கு அலைவது கொடுமை. ஆனால் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மாநில அரசும் வனத்துறையும் நீதிமன்றமும் சம்பந்தப்பட்டது. கவுன்சிலர் கையில் அதற்குச் சாவி இல்லை. முடிச்சை அவிழ்ப்பேன் என்று அவர் வாக்குறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். அந்தக் கோரிக்கையைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோங்கள். கவுன்சிலரிடம் நடைபாதை, குடிநீர், தெருவிளக்கு கேளுங்கள்.

உதகை: வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் விஷயத்தில் வியாபாரிகள் சங்கம் ஒரு பக்கம், எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு பக்கம். எங்களையும் கடையடைப்பில் சேரச் சொன்னார்கள்.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025ல் சீசனுக்கு நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். அந்த ஏப்ரல் 2 அன்று மாவட்டத்தில் கடையடைப்பு நடந்தது. கமர்ஷியல் ரோட்டில் ஆம்புலன்ஸ் நகராமல் நிற்பதைப் பார்த்தவர்கள் வரம்பு வேண்டும் என்பார்கள். சீசன் வருமானத்தில் வருஷம் முழுக்க ஓட்டுகிற கடைக்காரரும் காட்டேஜ்காரரும் வேண்டாம் என்பார்கள். இரண்டும் உண்மையான வலி. உங்கள் பொதுக்குழு என்ன முடிவெடுத்ததோ அதை மட்டும் உங்கள் பெயரில் சொல்லுங்கள். 'ஊட்டி மக்கள்' என்று மொத்தமாக எழுதாதீர்கள்.

காந்தல், உதகை: வாடகைக்கு இருப்பவர்களையும் எஸ்டேட் லைன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்களையும் உறுப்பினராக்கலாமா? சொந்த வீட்டுக்காரர்கள் எதிர்க்கிறார்கள்.

கட்டாயம் ஆக்குங்கள். எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இதுதான். நம் மலையில் சங்கங்கள் பலவும் பங்களா வீட்டுக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து நடத்துபவை. கவுன்சிலர் முன்னால் அவர்கள் பேச்சு எடுபடாததற்குக் காரணம் அவர் திமிர் அல்ல. அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் லைன் வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருக்கிறார்கள், சங்கத்தில் இல்லை. மழைக்காலத்தில் சரிவில் மண் இறங்கினால் முதலில் போவது அவர்கள் வீடுதான். பங்களாவுக்குச் சாலை கேட்கும் மனுவில் அந்தச் சரிவுக்குத் தடுப்புச் சுவரும் சேர்ந்து இருக்கவேண்டும். சந்தாவைக் குறையுங்கள். கூட்டத்தை ஞாயிறு மத்தியானம் வையுங்கள், தேயிலை பறிக்கிறவர்களுக்கு வார நாளில் நேரம் இல்லை. செயற்குழுவில் அவர்களில் இரண்டு பேரையாவது உட்கார வையுங்கள்.

கொடைக்கானல்: பெரிய கட்டடங்கள் விதியை மீறி எழும்புகின்றன. கவுன்சிலரும் மௌனம். சங்கத்தால் என்ன ஆகும்?

உங்கள் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1985ல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு, ஒரு ஹோட்டலின் கூடுதல் மாடிகளுக்கு விதியைத் தளர்த்திய அரசு ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. ஆணை ரத்தானது. 1995ல் உச்ச நீதிமன்றமும் குழுவின் பக்கமே நின்றது. எதிரில் இருந்தது மாநில அரசு. அந்தக் குழுவுக்கு ஒரு கவுன்சிலர்கூடத் தேவைப்படவில்லை. காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்: அனுமதி வரைபடம், புகைப்படம், தேதி, கொடுத்த மனுவின் நகல்.

வெலிங்டன்: நாங்கள் கன்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதி. எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்கு 2006 கன்டோன்மென்ட் சட்டம். நாடு முழுவதும் 57 கன்டோன்மென்ட்களுக்கு 2023 ஏப்ரல் 30 அன்று தேர்தல் என்று அறிவித்துவிட்டுப் பின்னர் ரத்து செய்தார்கள். தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லாத நேரத்தில் சங்கம்தான் உங்கள் குரல். கன்டோன்மென்ட் போர்டுக்கு எழுத்து மூலம் மட்டுமே பேசுங்கள்.

கோத்தகிரி: பதிவு செய்யாமலே பத்து வருஷம் ஓட்டிவிட்டோம். இப்போது பதிவு தேவையா?

தேவை. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். நிர்வாகிகள் பதவி மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவு செய்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். தேர்தல் நேரத்தில் எதிர்த்தரப்பு முதலில் தோண்டுவது இதைத்தான்: வருடாந்திரப் பொதுக்குழு கூடியதா, கணக்கு தாக்கலானதா, புது நிர்வாகிகள் பட்டியல் கொடுத்தாயிற்றா என்று. விதிமுறை எழுதும்போதே 'தேர்தலில் நிற்கும் நிர்வாகி வேட்புமனுவுக்கு முன் பொறுப்பை விடவேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். யாரும் நிற்காத இப்போது எழுதினால் சண்டை வராது.