கப்போர்டுக்கு அடியில் எந்த லைட், எங்கே ஒட்டுவது?

குன்னூரில் பனிமூட்டம் இறங்கினால் மதியம் 3 மணிக்கே சமையலறை இருட்டிவிடுகிறது, மேல் கப்போர்டுக்கு அடியில் என்ன லைட் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

லைட்டைவிட இடம்தான் முக்கியம். பலர் சுவர் ஓரமாக ஒட்டிவிடுகிறார்கள், அப்படி ஒட்டினால் டைல்ஸ்தான் பளபளக்கும், காய் நறுக்கும் இடம் மங்கலாகவே இருக்கும். கப்போர்டின் முன்விளிம்புக்குச் சற்று உள்ளே, சுவர்ப் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். மேடை முழுக்க வெளிச்சம் விழும், கண்ணும் கூசாது.

எல்இடி ஸ்ட்ரிப்பை வெறுமனே ஒட்டாதீர்கள். பால்நிற மூடி உள்ள அலுமினியப் பட்டைக்குள் வைத்தால் சூடு வெளியேறும், கிரானைட்டில் புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்காது. நம் மலை ஈரத்தில் பசையை மட்டும் நம்ப முடியாது, அதனால் பட்டையை ஸ்க்ரூ போட்டே பிடிக்கச் சொல்லுங்கள்.

நிறம்? ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் நீலச் சாயல். 6500 கெல்வின் வெள்ளை இந்தக் குளிருக்கு இன்னும் சில்லென்று இருக்கும், நான் 3000 அல்லது 4000 தான் சொல்வேன். சிஆர்ஐ (பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு) 90க்கு மேல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், கீரையில் பழுத்த இலை அப்போதுதான் சரியாகத் தெரியும்.

அப்புறம் டிரைவர், அதாவது ஸ்ட்ரிப்புக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி: ஸ்ட்ரிப் மீட்டருக்கு 10 வாட் என்றால் 2 மீட்டருக்கு 20 வாட், டிரைவர் 25 வாட்டாவது இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் லைட்டோ டிரைவரோ வேண்டாம்.