கனவில் வருபவன் குற்றவாளியா?

அன்புள்ள ஐயா,

போன வாரம் நண்பன் அறையில் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கத் திகில் படத்தின் 2010 ரீமேக்கைப் பார்த்தேன். இரண்டு நாள் விளக்கை அணைக்காமல்தான் தூங்கினேன். அப்புறம் 1984இல் வந்த மூலப் படத்தையும் தேடிப் பார்த்தேன். பிடித்தது, ஆனால் பல இடங்களில் பயத்துக்குப் பதில் சிரிப்பு வந்தது. பிறகு விமர்சனங்களைப் படித்தால் ரீமேக்கைப் பெரும்பாலும் எல்லாரும் திட்டியிருக்கிறார்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் மதிப்பெண் 15 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறார். தங்கள் இளமைக்காலப் படத்தில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்ற கோபம்தானே இதெல்லாம்? அப்படியென்றால் நான் பயந்தது பொய்யா?

க., மதுரை

அன்புள்ள க.,

நீங்கள் பயந்தது பொய்யே இல்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கியதை எந்த மதிப்பெண்ணாலும் அழிக்க முடியாது. அது உங்களுக்கும் படத்துக்கும் நடந்த விஷயம்.

ஆனால் இளமைக்கால ஏக்கம் என்ற குற்றச்சாட்டை ஈபர்ட் மேல் வைக்க முடியாது. அவர் 1942இல் பிறந்தவர். இந்தப் படங்களில் கனவுக்குள் வந்து கொல்லும் ஃப்ரெடி க்ரூகர் முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். அதோடு, 1980இலேயே அவரும் சக விமர்சகர் ஜீன் சிஸ்கலும் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒரு முழுப் பகுதியை ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் ‘ஸ்லாஷர்’ வகைப் படங்களைக் கண்டிப்பதற்கே ஒதுக்கினார்கள். பெண்கள் துரத்தப்படுவதைக் கொலைகாரனின் கண்வழியே நம்மைப் பார்க்க வைக்கிறார்கள் என்பது அவர்களுடைய கோபம். ஸ்லாஷர் படம் எந்தக் காலத்திலும் விமர்சகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்ததில்லை. மூலப் படங்களில் பலவும் அடிவாங்கித்தான் வளர்ந்தன.

2010 படத்தைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுட்டின: பழைய படத்தின் புகழ்பெற்ற காட்சிகளை இது திரும்பச் செய்கிறது, ஆனால் உயிரில்லை. உண்மைதான். கதாநாயகி நான்சி தூங்கிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே சுவரிலிருந்து ஓர் உருவம் புடைத்து வரும் காட்சியை இரண்டு படத்திலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 1984இல் இயக்குநர் வெஸ் க்ரேவனிடம் பணம் இல்லை. சுவர் இருக்கவேண்டிய இடத்தில் இழுபடும் துணியைக் கட்டி, பின்னாலிருந்து ஓர் ஆளைச் சாயச் சொன்னார்கள், அவ்வளவுதான். துணி இழுபடும்போது ஓர் உடம்பின் எடை தெரிகிறது. 2010இல் செலவு 3.5 கோடி டாலர், சுவரைக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் செய்தார்கள். அதில் எடை இல்லை. உங்களுக்குச் சிரிப்பு வந்த இடங்களையும் இந்தச் சுவர்க் காட்சியையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

சரி, விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லாத இடத்துக்கு வருகிறேன். மூலத்தோடு ஒப்பிட்டுக் குறைப்பதிலேயே பலரும் நின்றுவிட்டார்கள். இந்த ரீமேக் தானாக யோசித்த இடங்கள் இரண்டு உண்டு. அவற்றை வைத்துத்தான் அதை அளந்திருக்க வேண்டும்.

முதலாவது, நொடித்தூக்கம். நாள்கணக்கில் தூங்காத உடம்பு, கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் உறங்கிவிடும். மருந்துக்கடையில் நான்சி அலமாரிகளுக்கு நடுவே நடக்கும்போது, கடை ஃப்ரெடியின் கொதிகலன் அறையாக மாறி மாறிச் சிமிட்டுகிறதே, அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. க்ரேவனுக்கு இந்தக் கதையே பத்திரிகைச் செய்திகளிலிருந்து வந்தது. தென்கிழக்காசியப் போர்களிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த அகதிகளில் சில இளைஞர்கள் தூங்கப் பயந்தார்கள், தூக்கத்திலேயே இறந்தார்கள் என்பது செய்தி. விழித்திருக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது என்ற அந்தத் தவிப்பை ரீமேக் இந்த ஒரு காட்சியில் தொட்டுவிட்டது. உங்களைப் பயமுறுத்தியதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது இன்னும் பெரியது. இந்தப் படத்தின் ஃப்ரெடி ஒரு பாலர் பள்ளியில் தோட்டவேலை செய்தவன். அவன் தங்களிடம் தவறாக நடந்தான் என்று குழந்தைகள் ஏதோ சொல்கிறார்கள். பெற்றோர்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் அவனைத் துரத்தி உயிரோடு எரிக்கிறார்கள். நான்சியும் அவள் நண்பன் க்வென்டினும் உட்பட அந்தக் குழந்தைகள் எல்லாவற்றையும் மறந்து வளர்ந்துவிடுகிறார்கள். க்வென்டின் நீச்சல் பயிற்சியின் நடுவே கனவுக்குள் போய் அந்த எரிப்பைப் பார்க்கிறான். நான் எதுவும் செய்யவில்லை என்று ஃப்ரெடி கெஞ்சுவதைக் கேட்கிறான். திரும்பி வந்து தன் அப்பாவிடம் நேரே கேட்கிறான்: நீங்கள் கொன்றது நிரபராதியையா?

இந்தக் கேள்வி அமெரிக்காவுக்குப் புதிதில்லை. 1983இல் கலிபோர்னியாவில் மக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு தொடங்கியது. குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப, பதிலைத் தாங்களே எடுத்துக்கொடுப்பதுபோல் கேள்வி கேட்டு வாங்கிய வாக்குமூலங்கள்தான் வழக்கின் அடிப்படை. வழக்கு 1990வரை இழுத்தது. கடைசியில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை, ஆனால் அதற்குள் குற்றம்சாட்டப்பட்டவர்களின் வாழ்க்கை நாசமாகிவிட்டது. க்ரேவன்கூட முதலில் ஃப்ரெடியைக் குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்தவனாகத்தான் எழுதியிருந்தார். அந்தக் காலத்து வழக்குகளை வைத்துக் காசு பார்ப்பதாக ஆகிவிடக்கூடாதென்று கொலைகாரன் என்று மாற்றினார். அவர் ஒதுங்கிப்போன அந்த இடத்துக்குள் ரீமேக் துணிந்து கால்வைத்தது.

அதற்கேற்ற நடிகரும் கையில் இருந்தார். ஜாக்கி ஏர்ல் ஹேலி, ‘லிட்டில் சில்ட்ரன்’ படத்தில் சிறுவர் தொடர்பான பாலியல் குற்றத்துக்காகச் சிறைசென்று திரும்பியவனாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். அருவருப்பும் இரக்கமும் ஒரே முகத்தில் வரவழைக்கத் தெரிந்தவர். திட்டிய விமர்சகர்களில் பலரும் அவரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. நான்சியும் க்வென்டினும் பழைய பள்ளிக்குப் போகிறார்கள், ஒளித்துவைத்த அறையைக் கண்டுபிடிக்கிறார்கள், புகைப்படங்கள் கிடைக்கின்றன. ஃப்ரெடி செய்தது உண்மை, பெற்றோர்கள் செய்தது சரி. சில நிமிடங்களில் கேள்வி மூடப்பட்டுவிடுகிறது. அதன்பின் துரத்தலும் வெட்டும்தான். ஃப்ரெடி நிரபராதியாகத்தான் இருந்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. படம் முடியும்வரை நமக்குத் தெரியாமல் இருந்திருந்தால், ஒவ்வொரு கனவிலும் யாருக்காகப் பயப்படுவது என்றே புரியாமல் உட்கார்ந்திருப்போம். அந்தப் பயத்தை 1984 படத்தாலும் தந்திருக்க முடியாது. கையிலிருந்ததைத் தாங்களே கீழே போட்டார்கள். அதனால்தான், காரணம் வேறானாலும், விமர்சகர்களின் தீர்ப்போடு நான் ஒத்துப்போகிறேன்.

படம் உலகம் முழுக்க 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விமர்சனங்களால் முதலீட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஒன்று செய்யுங்கள். க்வென்டின் தன் அப்பாவிடம் கேட்கும் அந்தக் காட்சிவரை மறுபடி பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அங்கிருந்து கதையை நீங்கள் எங்கே கொண்டுபோவீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்