மதிய வரிசை நீள்கிறதா? ஆள் தேடும் முன் கல்லாவைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் காக்கி புக்கிட் தொழிற்பேட்டைப் பக்கம் சின்ன உணவகம் நடத்துகிறேன். நான், மனைவி, மூன்று பணியாளர்கள். மதியம் 12 மணியிலிருந்து ஒன்றரை வரை வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறது, எப்போது எண்ணினாலும் 18 பேருக்குக் குறையாது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் 90 தட்டுதான் போகிறது. பலர் வரிசையைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். இன்னோர் ஆள் எடுக்கலாமா, ஆர்டர் எடுக்கும் இயந்திரம் வாங்கலாமா? பரிமாறுவதும் காசு வாங்குவதும் இப்போது நான்தான்.

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கு. ஒன்றரை மணி நேரத்தில் 90 தட்டு என்றால் நிமிடத்துக்கு ஒன்று. வரிசையில் 18 பேர். அப்படியென்றால் கடைசியில் வந்து சேர்கிறவர் ஏறக்குறைய 18 நிமிடம் நிற்கிறார். இதை யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை, தலையை எண்ணி ரசீதை எண்ணினால் போதும். அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961இல் கணித முறையில் நிரூபித்த விதி இது. வங்கிக்கும் பலதுறை மருந்தகத்துக்கும் இதே கணக்குதான். ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் 18 நிமிடத்தை உங்கள் வாசலில் விட்டுவிட எத்தனை பேருக்கு மனசு வரும்?

இப்போது நீங்கள் நிற்கிற இடத்துக்கு வருவோம். நண்பர் ஒருவரின் கடையில் ஒரு மதியம் ஓரமாக நின்று கைப்பேசியில் விநாடி எண்ணிப் பார்த்திருக்கிறேன். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, இரண்டு காய் வைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம்தான் கூத்து. கையுறையைக் கழற்றுகிறார், பத்து வெள்ளி நோட்டை வாங்குகிறார், சில்லறையைத் துழாவுகிறார், அடுத்தவர் பேநவ் என்ற மின்பணச் சேவையில் காசு போட்டேன் என்று கைப்பேசியை நீட்ட, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அதை உற்றுப் பார்க்கிறார், மறுபடி புதுக் கையுறை. அந்த நேரம் முழுக்கக் கரண்டி சும்மா கிடக்கிறது. பின்னால் புரோட்டா மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கடையில் ஐந்து பேர் இருந்தாலும் கடையின் வேகம் அந்த ஒரு கரண்டியின் வேகம்தான்.

உங்கள் கடையில் ஓர் ஆளுக்குச் சராசரியாக 57 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார், உங்களுக்கு மூன்று விநாடிதான் மிச்சம். நூற்றுக்கு 95 பங்கு நேரம் கை ஓயாமல் வேலை. சமாளித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் வாடிக்கையாளர்கள் மணி அடித்த மாதிரி நிமிடத்துக்கு ஒருவராகவா வருகிறார்கள்? ஒரு லிப்ட் திறந்தால் எட்டுப் பேர், அப்புறம் ஐந்து நிமிடம் யாருமில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1909இலேயே அழைப்புகளை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். அந்த வழியில் வந்த சூத்திரத்தின்படி 95 பங்கு சுமைக்குச் சராசரிக் காத்திருப்பு பரிமாறும் நேரத்தைப் போல 19 மடங்கு, அதாவது உங்களுடைய அந்த 18 நிமிடம். காசு வாங்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்து 57 விநாடியை 45 ஆக்கிவிட்டால் சுமை 75 பங்காக இறங்குகிறது, காத்திருப்பு மூன்று மடங்குதான், அது இரண்டேகால் நிமிடம். வெறும் 12 விநாடி செய்கிற வேலை! மதிய நெரிசல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் நிஜத்தில் இவ்வளவு கச்சிதமாக வராது, ஆனால் போக்கு இதுதான்.

ஆகவே பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னாலிருந்து ஒன்றரை வரை உங்கள் மனைவி கல்லாவில் இருக்கட்டும், நீங்கள் கரண்டியை விட்டு நகராதீர்கள். அந்த நேரத்துக்கு எலுமிச்சைச் சாறும் பண்டுங் என்கிற ரோஜாப் பாலும் முன்பே கலக்கிக் குளிரில் வைத்துவிடலாம். கல்லா உங்கள் கையை விட்டுப் போவது ஒரு மாதிரிதான் இருக்கும், தெரியும். எனக்குத் தெரிந்த பாதிக் கடைகளில் முதலாளி கல்லாவை விட மனசில்லாததால்தான் வரிசை நீள்கிறது.

ஒன்றை எதிர்பார்த்து இருங்கள். வரிசை குறைந்ததும் பக்கத்துக் கடைக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள், ஒன்றிரண்டு வாரத்தில் வரிசை மறுபடி கொஞ்சம் வளரும். பயப்பட வேண்டாம், அது வியாபாரம். அடுத்த அடைப்பு அநேகமாகத் தோசைக்கல்லில் வரும்: அலுவலகத்துக்கு ஆறு முர்தபா கட்டித் தாருங்கள் என்று ஒருவர் பன்னிரண்டரைக்கு வந்து நின்றால், அவர் பின்னால் நிற்கிற பத்துப் பேர் வெறும் சோறு கேட்க வந்தவர்களாக இருந்தாலும் மாட்டிக்கொள்கிறார்கள். கல்லில் போடுகிறது எதுவானாலும் எண் சீட்டு கொடுத்து ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். ஐந்து பொட்டலத்துக்கு மேல் என்றால் பதினொரு மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்லுங்கள். முன்கூட்டியே சமைத்து அடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். குழம்பு, காய் சரி, 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க முடிகிற அளவுக்கு மட்டும். புரோட்டாவை அப்படி அடுக்காதீர்கள், அது உங்கள் பெயரைக் கெடுத்துவிடும்.

இயந்திரம் பற்றி. கல்லாவைப் பிரித்த பிறகும் பணம் வாங்குமிடமே இழுத்தடிக்கிறது என்றால் வாங்குங்கள். இப்போது வாங்கினால், பழக்கமில்லாத பெரியவர் ஒருவர் திரையை ஒன்றரை நிமிடம் தட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் கரண்டியோடு சும்மா நிற்பீர்கள்.

ஆள் விஷயம் உங்களுக்கே தெரியும். சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் பங்குக்கு உச்சவரம்பு 2021 முதல் 35 விழுக்காடுதான். இந்திய உணவகங்களுக்கு இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை அனுமதிச் சீட்டில் எடுக்க 2023 செப்டம்பரில் வழி திறந்தார்கள், ஆனால் மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது, அப்படி எடுப்பவர்கள் மொத்தப் பணியாளர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஐந்து பேர் கடைக்கு 8 விழுக்காடு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அப்படியே ஓர் ஆள் கிடைத்தாலும், கரண்டியும் கல்லாவும் ஒரே கையில் இருக்கிறவரை அவரும் புரோட்டா மாஸ்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

எதையும் மாற்றும் முன் இரண்டு நாள் எண்ணுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் எத்தனை தலை, அதுவரை எத்தனை தட்டு, எத்தனை பேர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், இந்த மூன்றும் போதும். உங்கள் பிள்ளைகள் யாராவது பள்ளி விடுமுறையில் இருந்தால் அவர்களிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து உட்கார வையுங்கள். செவ்வாய், புதன் எண்ணுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகைக்குப் போய் வருகிறவர்களால் அன்றைய கூட்டம் வேறு நேரத்தில் வரும், கணக்கு குழம்பிவிடும்.