களப்பயணத்துக்கு முகவர் வேண்டாம், அனுமதி முன்கூட்டியே வேண்டும்

கேள்வி: நான் ஊட்டச்சத்துத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வரும் பருவத்தில் ‘நகர்ப்புற நலவாழ்வும் உணவு நீதியும்’ என்ற விருப்பப் பாடத்தை நான் நடத்த வேண்டும். நாற்பது மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஏழைக் குடியிருப்பு ஒன்றில் கணக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்து, குடும்பங்களின் ஒப்புதல் படிவங்களையும் வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் கட்டணம் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? இதற்கு, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா?

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். அனுமதியைப் பொறுத்தவரை, மாணவர்கள் திரட்டும் தகவல் வகுப்பறையோடு நின்றுவிடும் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. அதைத் தாண்டிப் போகச் சிறிதளவு வாய்ப்பு இருந்தாலும், முதல் வீட்டின் கதவைத் தட்டுவதற்கு முன்பே அனுமதி கையில் இருக்க வேண்டும்.

முதலில் அந்த நிறுவனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவ்வகை முகவர்களிடம் வழக்கமாக இருப்பது, ஏற்கெனவே பழக்கப்படுத்தி வைத்த சில தெருக்களும் அவற்றிலுள்ள சில வீடுகளும்தாம். ஒவ்வொரு பருவத்திலும் வெவ்வேறு கல்லூரிகளின் மாணவர்கள் அதே வீடுகளுக்குச் சென்று, அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்தப் பதில் சொன்னால் வந்தவர்கள் விரைவில் எழுந்து போவார்கள் என்பது அந்தக் குடும்பங்களுக்கு மனப்பாடமாகிவிடுகிறது. நீங்கள் செலுத்தும் கட்டணத்தில் அவர்களுக்கு என்ன போய்ச் சேருகிறது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. இவை எல்லாவற்றையும் விடக் கவலைக்குரியது, மொத்தமாக வாங்கித் தரப்படும் அந்த ஒப்புதல் படிவம். கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், சொன்னது எங்கே போகும் என்பதையெல்லாம் அறிந்து, விரும்பாவிட்டால் அந்த நிமிடமே மறுக்க முடிந்தால்தான் அதற்கு ஒப்புதல் என்று பெயர். நிவாரணப் பொருளோ உதவித்தொகையோ யார் வழியாக வருகிறதோ அதே ஆள் படிவத்தை நீட்டும்போது, அந்தக் கையெழுத்தில் மறுக்கும் உரிமை ஏது? கணக்கெடுப்போடு சேர்த்து, சில வாரங்களில் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டுத் தருவதாகவும் அந்த நிறுவனம் சொல்லியிருந்தால், மேற்கொண்டு பேச்சைத் தொடராதீர்கள்.

இத்தகைய முகவர்கள் தழைப்பதற்குப் பல்கலைக்கழகங்களே காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அத்தகைய நிறுவனத்தின் முத்திரையிட்ட கட்டணப் பட்டியலுக்குப் பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு தடையின்றிப் பணம் வழங்கும். ஆனால் தன் குடியிருப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் வகுப்பெடுக்க வந்த ஒரு பெண்மணிக்கு மதிப்பூதியம் தர விண்ணப்பித்தால், அவருடைய கல்வித்தகுதிச் சான்றிதழைக் கேட்கும். உணவு நீதியைப் பாடமாக வைக்கும் ஒரு கல்வி நிறுவனத்தில் இந்த விதியை மாற்ற இன்னும் எத்தனை கூட்டங்கள் தேவை என்பது எனக்கு விளங்கவில்லை. ஆகவே மதிப்பூதியக் கோரிக்கையைப் பருவம் தொடங்கும் முன்பே, பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இனி அனுமதி. பயிற்சிக்காக மட்டும் செய்யப்படும் வகுப்புக் கணக்கெடுப்பைப் பல பல்கலைக்கழகங்கள் ஆய்வாகக் கருதுவதில்லை. அதனால் நெறிமுறைக் குழுவின் முன் வைக்கச் சொல்வதில்லை. இந்த விலக்கு நோக்கத்தைப் பொறுத்தது. திரட்டிய தகவலிலிருந்து வகுப்புக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பொதுவான ஒரு முடிவைச் சொல்ல முற்படும்போதே அது ஆய்வாகிவிடுகிறது. மாணவி ஒருவர் தம் குழுவின் கண்டறிதலைக் கருத்தரங்கில் சுவரொட்டியாக வைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது மற்றொருவர் அதையே முதுகலை ஆய்வேட்டின் ஓர் இயலாக்க நினைக்கிறார். இரண்டிலும் விலக்கு போய்விடும். ஆனால் தகவல் ஏற்கெனவே திரட்டப்பட்டுவிட்டதால், முந்தைய தேதிக்கு அனுமதி தரக் குழு முன்வராது. நல்ல ஆய்விதழும் அதை ஏற்காது. அப்போது அந்த மாணவியின் முன் இருப்பவை இரண்டே வழிகள்: உழைப்பைக் கைவிடுவது, அல்லது உண்மையை மறைப்பது. அப்படி ஒரு நிலைக்கு எந்த மாணவரையும் தள்ளக் கூடாது.

வீட்டுக்குள் போகாமல், தெருவில் நின்று பார்த்து எழுதுவதற்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அரசோ ஐ.நா. அமைப்புகளோ பொதுவில் வெளியிட்ட, தனிமனிதரை அடையாளம் காட்டாத தரவுகளுக்கும் இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரிடம் கேள்வி கேட்பதாக இருந்தால், வகுப்புப் பயிற்சி என்று சொல்லித் தப்பிக்க நினைக்காமல் குழுவிடமே போய்விடுங்கள். விலக்கு பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்வதும் போதாது. குழுவின் செயலரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். பாடம் முழுவதற்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் கொடுக்க இயலுமா என்றும் அவரிடமே கேளுங்கள், ஏனெனில் நாற்பது மாணவர்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பித்தால் அனுமதி வருவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பாடத்தில் புதிதாக வருபவர்கள் வழக்கமாக இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். மாணவர்களிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, காய்கறிக் கடைகளைப் புள்ளியிடச் சொல்லி, புள்ளி இல்லாத பகுதிகளை ‘உணவுப் பாலைவனம்’ என்று வண்ணமடிக்கச் செய்வது எளிது. அதன் முடிவில் எல்லோரும், கடை திறந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டு வெளியேறுவார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் அத்தகைய ஒரு பகுதியில் புதிய பல்பொருள் அங்காடி திறக்கப்பட்ட பின் நடந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. உணவு கிடைக்கிறது என்ற உணர்வு மக்களிடம் கூடியிருந்தது. ஆனால் அவர்கள் உண்ட காய்கனிகளின் அளவிலோ உடல் எடையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2019இல் வெளியான, அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதலைப் பெருமளவில் அலசிய மற்றோர் ஆய்வு, ஏழைகளுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் இடையிலான ஊட்டச்சத்து வேறுபாட்டில் ஏறக்குறைய 10 விழுக்காட்டுக்குத்தான் கடைகளும் விலைகளும் காரணம் என்று கணக்கிட்டது.

இந்த இரண்டாவது எண்ணை வகுப்பில் கவனமாகக் கையாளுங்கள். எஞ்சிய 90 விழுக்காடும் ஏழைகளின் அறியாமை என்று படித்துவிடும் மாணவர்கள் இருப்பார்கள். கூலி, வாடகை, வேலை நேரம், சமைக்க இடமும் எரிபொருளும் இருக்கிறதா என்பது, காலங்காலமாக உண்டு பழகிய உணவு ஆகிய அனைத்தும் கலந்துதான் ஒரு குடும்பத்தின் கொள்முதல் உருவாகிறது. 1981இல் பொருளியலாளர் அமர்த்திய சென் பஞ்சங்களைப் பற்றி எழுதியபோது, உணவு இருப்பில் இருந்தும் அதைப் பெறும் உரிமையும் வழியும் இல்லாதவர்கள் பட்டினி கிடந்ததைக் காட்டினார். நகரத்தைப் பற்றிய உங்கள் பாடமும் அங்கிருந்தே தொடங்கலாம். அதற்கு எதிர்முனையில், பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சி நகராட்சி 1993 முதல் உணவைக் குடிமக்களின் உரிமையாகக் கொண்டு, மக்கள் உணவகங்களையும் மலிவு விலைக் காய்கறி விற்பனையையும் நடத்தியதை ஒரு வாரம் முழுக்கப் படிக்க வைக்கலாம்.

கணக்கெடுப்புப் பயிற்சி அவசியம் வேண்டுமென்றால், ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் எட்டுக் கேள்விகள் கொண்ட உணவுப் பாதுகாப்பின்மை அளவுகோல் இலவசமாகக் கிடைக்கிறது. போதிய உணவு கிடைக்குமா என்ற கவலையில் தொடங்கி, ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருந்தீர்களா என்பதில் அது முடிகிறது. அந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் கேட்கும்படி ஒரு தாயிடம் கேட்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை மாணவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகட்டும். வகுப்பிலேயே சிலருக்கு அந்த அனுபவம் இருக்கக்கூடும் என்பதால், அந்தப் பயிற்சியில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம் என்பதை முன்னதாகவே அறிவியுங்கள்.

முகவர் இல்லாமல் குடியிருப்புக்குள் எப்படிப் போவது என்று கேட்பீர்கள். முதல் ஆண்டில் போக வேண்டாம். குடியிருப்போர் சங்கத்தினர், சத்துணவுப் பணியாளர், தெரு வியாபாரி என்று மூன்று நான்கு பேரை மதிப்பூதியம் கொடுத்து வகுப்புக்கு அழையுங்கள். எதைப் பற்றிய தகவல் தங்களுக்குப் பயன்படும் என்று அவர்கள் சொல்லட்டும். அதை வைத்து இரண்டாம் ஆண்டின் களப்பணியை வகுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் மதிப்பெண்ணை, பார்த்த வீடுகளின் எண்ணிக்கையோடு இணைக்காதீர்கள். அப்படிச் செய்தால் போகாத வீடுகளுக்கும் படிவம் நிரப்பப்பட்டு வரும்.