ரூபா ஏறி இறங்கினால் வெளிநாட்டு ஒப்பந்தச் சம்பளம் கூடுமா, குறையுமா?

நாணய மாற்று வீதம் என்பது ஒரு டொலருக்கோ ரியாலுக்கோ எத்தனை ரூபா என்ற விலை, அவ்வளவுதான். கட்டாரின் டோஹாவில் 4,000 ரியாலுக்கு ஒப்பந்தம் செய்தவருக்கு மாதாமாதம் அதே 4,000 தான், யாழ்ப்பாணத்தில் வீட்டுக்காரர் வங்கியில் எடுக்கிற ரூபாதான் மாறும். திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற வெங்காய மூட்டை மாதிரி: நிறை அதேதான், அன்றைய விலைதான் வேறு.

ஏன் மாறுகிறது? நாட்டுக்குள் வருகிற டொலரைவிட எரிபொருளுக்கும் மாவுக்கும் மருந்துக்கும் வெளியே போவது அதிகமானால் டொலருக்கு விலை ஏறும். கட்டார் ரியால் ஒரு டொலருக்கு 3.64 என்று கட்டி வைக்கப்பட்டது, அதனால் டொலர் போகிற பக்கமே அதுவும் போகும். பவுண், யூரோ அப்படியில்லை, அவை தம்பாட்டில் ஆடும்.

2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. அந்த 4,000 ரியால் ஏறக்குறைய 2 இலட்சத்து 20 ஆயிரம். மார்ச்சில், டொலர் விலையைப் பிடித்து வைத்திருந்த இலங்கை மத்திய வங்கி பிடியைத் தளர்த்த, மே மாதம் டொலர் 360 வரை போய், அதே சம்பளம் 4 இலட்சத்துக்குக் கிட்ட வந்தது. கையில் வருவது இதைவிடக் கொஞ்சம் குறையும், ஏனென்றால் வங்கி உங்களுக்குத் தருவது தன் வாங்கும் விலை, அது விற்கும் விலையைவிடக் குறைவு. சரி, ஒப்பந்தமே ரூபாவில் எழுதியிருந்தால்? இந்த ஏற்றம் முழுக்க முதலாளிக்குத்தான், கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் பாருங்கள்.

அப்புறம், 2023இல் ரூபா கொஞ்சம் நிமிர்ந்து அனுப்பின காசு குறைந்தபோது “கொம்பனி சம்பளத்தை வெட்டிப்போட்டுது” என்று பலர் நினைத்தார்கள். வெட்டு விழுந்ததா என்பதை ரியால் சம்பளச் சீட்டுத்தான் சொல்லும், இங்கத்தைய வங்கிப் புத்தகம் சொல்லாது.